லாபிஸ் வீட்டுக்குள் ஒரு நடனக் கம்பம்: எதை வாங்கலாம், எப்படிப் பிடிக்கலாம்?

கம்ப நடனத்தை வீட்டிலேயே பழக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது பிராண்டைப் பற்றித்தான். லாபிஸில் இருப்பவர்கள் அதற்கு முன்பு ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட வேண்டும். தலைக்கு மேலே இருப்பது கான்கிரீட் தளமா, சிலிங் பலகையா? எந்தக் கம்பம் என்பதைப் பாதி முடிவு செய்வது அதுதான். மீதியை முடிவு செய்வது நம் ஊர் வியர்வை.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்து மூன்று கம்பங்களை இங்குள்ள வீடுகளில் பொருத்திப் பழகிப் பார்த்தேன். 45 மில்லிமீட்டர் குரோம் கம்பம், அதே தடிமனில் பித்தளைக் கம்பம், தன் மேடையோடு தரையில் நிற்கும் கம்பம்.

முதலில் கூரை

முதல் இரண்டும் அழுத்தக் கம்பங்கள். துளை போட வேண்டியதில்லை. திருகைச் சுற்றச் சுற்றக் கம்பம் நீண்டு, தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் இறுகி நிற்கும். எக்ஸ்-போல் நிறுவனத்தின் எக்ஸ்பெர்ட் இந்த வகையில் பலரும் அறிந்தது. கூடுதல் குழாய் சேர்க்காமல் சுமார் 2.2 மீட்டர் முதல் 2.7 மீட்டர் உயரம் வரை பொருந்தும்.

இரட்டை மாடி வீட்டின் கீழ்க்கூடத்தில், கான்கிரீட் தளத்துக்குக் கீழே, இரண்டு கம்பங்களும் அசையாமல் நின்றன. ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து நேராக்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். சற்றே சாய்ந்த கம்பம் சுழலும்போது தளர்ந்துவிடும்.

தாமான்களில் உள்ள ஒற்றை மாடி வீடுகளின் கதை வேறு. அங்கே நாம் பார்க்கும் சிலிங் என்பது கூரைச் சட்டத்தின் அடியில் அடித்த மெல்லிய பலகை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் கம்பத்தை விட்டு உடலை விலக்கித் தொங்கும்போது எடை கீழே இறங்குவதோடு நிற்காது. கம்பத்தின் தலையைப் பக்கவாட்டிலும் இழுக்கும். பலகை உடைந்தால் கம்பமும் ஆளும் சேர்ந்துதான் விழ வேண்டும். கூரைச் சட்டத்துக்கு நேர் கீழே வைத்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தச் சட்டம் கூரையைச் சுமக்கச் செய்தது. கீழிருந்து வரும் தள்ளலைத் தாங்கச் செய்ததில்லை. பழைய கடைவீடுகளிலும் மேல்தளம் மரமா கான்கிரீட்டா என்று தெரிந்துகொண்ட பிறகே அழுத்தக் கம்பத்தை யோசிக்க வேண்டும்.

ஒற்றை மாடி வீட்டுக்கு என் பரிந்துரை மேடைக் கம்பம். கூரையைத் தொடாது, மேடையின் அகலமும் எடையும் அதை நிறுத்துகின்றன. வேகமாகச் சுழலும்போது மேலே லேசாக ஆடும். பழகியவர்களுக்கு அது பொருட்டில்லை. விலை கூடுதல், கூடத்தில் பெரிய இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கால் நீட்டிச் சுழல, எந்தக் கம்பத்தைச் சுற்றியும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். மின்விசிறி அதற்குள் வருகிறதா என்றும் பாருங்கள்.

குளியலறைத் திரைக்கம்பி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் மூடியோடு இணையத்தில் மலிவாக வரும் கம்பங்களை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது உலோகம்

45, 50 என்ற தடிமன் வித்தியாசம் காகிதத்தில் அற்பமாகத் தெரியும். சுற்றளவில் பார்த்தால் 141 மில்லிமீட்டருக்கும் 157 மில்லிமீட்டருக்கும் உள்ள இடைவெளி. சிறிய கைகளில், விரல் நுனி கட்டைவிரலைத் தொடுகிறதா இல்லையா என்பதே அந்த இடைவெளிதான். அனைத்துலகப் போட்டிகளிலும் 45 மில்லிமீட்டர்தான் பயன்படுகிறது. புதியவர்கள் அதையே வாங்கலாம்.

குரோம் பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் மழைக்கு முந்தைய புழுக்கமான பிற்பகலில் அதில் ஏறிப் பாருங்கள்: உள்ளங்கை பட்ட இடமெல்லாம் ஈரப் படலம், தொடை மெல்ல மெல்ல வழுக்கும். அதே நேரத்தில் பித்தளை தோலைப் பற்றிக்கொள்கிறது. நம் வெப்பத்துக்கு அதுவே பொருத்தம். பித்தளைக்குள்ள குறை, கறுத்துப்போகும். அடிக்கடி துடைக்க வேண்டும். மலிவான தோடு போட்டால் காது அரிக்கும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை இருக்கும். குரோம் பூச்சுக்கு அடியில் நிக்கல் உண்டு என்பதால், அவர்கள் பவுடர் பூச்சுக் கம்பத்தைத் தேடுவது நல்லது.

கையில் என்ன பூசுவது?

பிடிமானப் பூச்சுகள் இரண்டு வகை. டிரை ஹேண்ட்ஸ் போன்றவை வியர்வையை உலர்த்துபவை. ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பூசும் மெக்னீசியம் கார்பனேட் தூளும் இந்த வேலையைச் செய்யும். ஐடாக்-2 போன்றவை ஒட்டும் தன்மையைக் கூட்டுபவை. காய்ந்த தோல் உள்ளவருக்கு ஒட்டும் வகை உதவும். வியர்க்கும் கையில் அது பிசுபிசுத்து, கம்பத்திலும் படிந்துவிடும். லாபிஸில் முதலில் உலர்த்தும் வகையைத்தான் முயன்று பார்க்க வேண்டும்.

பூச்சைவிட முக்கியம், எண்ணெய்ப் பசை இல்லாத தோல். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கம்பத்தைத் தொடாதீர்கள். கிரீமும் வேண்டாம். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். அவை கம்பத்தைக் கீறும், விரலையும் கிழிக்கும். அரைக்கால் சட்டை அணிவதற்குக் காரணமும் இதே பிடிமானம்தான்: துணி வழுக்கும், தோல் பற்றும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை ஒருமுறை செய்து காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

கற்பிப்பவர்களுக்கு

கம்பத்தைப் பிடித்து ஆடுவது தமிழர்களுக்குப் புதிய செய்தி அல்ல. விழுப்புரத்தில் மல்லர் கம்பம் பழகும் பிள்ளைகளைப் பாருங்கள். அது அடியில் பருத்து மேலே மெலியும் மரக் கம்பம். உராய்வைக் குறைக்க விளக்கெண்ணெய் தடவுவார்கள். கையால் சுற்றிப் பிடிக்க முடியாத தடிமன் என்பதால் தொடையும் காலும்தான் அங்கே முதல் பிடி. 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம் என்ற நூலில் குறிப்பிடப்பட்ட இந்தக் கலை, கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் இடம்பெற்றுள்ளது.

காலே முதல் பிடி என்ற அந்தப் பாடம் உலோகக் கம்பத்துக்கும் பொருந்தும். புதியவர்கள் எல்லாவற்றையும் கையாலேயே தாங்கப் பார்ப்பார்கள். மணிக்கட்டும் தோளும் வலிக்கும். முதலில் ஏறுவதையும், தொடையால் கம்பத்தை இறுக்கி உட்காருவதையும் கற்றுக்கொடுங்கள். பிறகு, மேல்கை இழுக்க, கீழ்க்கை தள்ள உடலைத் தாங்கும் பிடி. மேல்கையைத் திருப்பிக் கட்டைவிரல் கீழ்நோக்க வைக்கும் முறுக்குப் பிடி தோளில் பெரும் பாரத்தை ஏற்றும். தோள் வலுவானவர்களுக்கு மட்டுமே அது. தலைகீழாகத் தொங்குவதை, துள்ளி எழாமல், வயிற்றுத் தசையால் மெதுவாகக் காலை உயர்த்த முடிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

மாணவி தலைகீழாகும்போது ஆசிரியர் பக்கத்தில் நின்று இடுப்பையும் மேல்முதுகையும் தாங்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்ற முயல்வது ஆபத்து. கம்பத்தின் அடியில் தடித்த மெத்தை கட்டாயம்; ஆனால் மெத்தை இருக்கும் தைரியத்தில் படிகளைத் தாண்டிப்போகக் கூடாது. வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்ய வையுங்கள்.

மூன்று கம்பங்களிலுமே நிலையாகவும் சுழலும்படியும் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. ஆரம்பப் பாடங்கள் நிலைக் கம்பத்தில்தான். சுழல் கம்பத்தில் கைகாலை உள்ளே இழுத்தால் வேகம் கூடும், நீட்டினால் குறையும். இதைச் சொல்லிவிட்டுச் சுழல விடுங்கள். பயம் பாதி குறைந்துவிடும்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் திருகுகளைச் சோதியுங்கள். மைக்ரோஃபைபர் துணியில் சிறிது ரப்பிங் ஆல்கஹால் விட்டு முன்னும் பின்னும் துடையுங்கள். 2023 மார்ச்சில் நம் சிகாமட் மாவட்டத்தில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: மழைக்காலத்தில் கம்பத்தைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். தண்ணீர் புகுந்த பேரிங் துருப்பிடித்தால் சுழற்சி போய்விடும்.

தீர்ப்பு

கான்கிரீட் தளம் உள்ள வீடு: 45 மில்லிமீட்டர் பித்தளை அழுத்தக் கம்பம்.

சிலிங் பலகை உள்ள வீடு: மேடைக் கம்பம், இல்லாவிட்டால் கம்பமே வேண்டாம்.

பணம் போதாதென்றால்: குரோம் வாங்கி, காலையில் வெயில் ஏறும் முன் பழகுங்கள்.

எந்தக் கம்பமானாலும், முதல் சில பாடங்களையாவது நல்ல பயிற்றுநரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அதற்காக ஜொகூர் பாருவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்வரும் செலவையும் கம்பத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.