நாய் செய்த வேலையா, பிரஷ் செய்த வேலையா?

போன மாதம் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். பக்கவாதம் வந்த ஒருவர் நாயைத் தடவத் தடவ, கை அசைகிறது. கூடவே ஒரு கேள்வி: "நம்ம ஊர் ராஜபாளையம் குட்டி ஒன்னு அத்தைக்கு வாங்கிடலாமா மாப்ள?"

அம்மாவுக்கு வலது கை இன்னும் முழுசாக வரவில்லை. வாரம் இரண்டு நாள் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பிசியோதெரபிக்குப் போய்வருகிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் வாங்குமுன் கொஞ்சம் படித்தேன்.

1991இல் ஹாங்காங்கில் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டம் பின்னால் சென்னைக்கும் வந்தது. சரஸ்வதி கேந்திராவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு நாய்கள் பழகின. இதன் பலனை நான் மறுக்கவில்லை. பிள்ளை அடம்பிடிக்காமல் பயிற்சிக்கு வருவதே பெரிய விஷயம்.

என் புகார் வேறு. இதைப் பற்றி வரும் கட்டுரைகள் பல, பயிற்சிக்கு வரவைப்பதையும் கையைச் சரிசெய்வதையும் ஒன்றாகக் குழப்புகின்றன. நாய்க்கு பிரஷ் போடும்போது தோள் நீள்கிறது, முழங்கை விரிகிறது, விரல் பிடிக்கிறது. கையைத் தேற்றுவது அந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். நாய் செய்வது அலுப்புத் தட்டாமல் பார்த்துக்கொள்வது. அப்படியென்றால் நாயோடு பயிற்சி செய்தவரை, அதே பயிற்சியை நாய் இல்லாமல் செய்தவரோடுதானே ஒப்பிட வேண்டும்? கோடில் இரண்டு இடத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எந்த மாற்றத்தால் பக் போனது என்று சொல்ல முடியாது.

அப்படி ஒழுங்காகக் கேட்ட ஆய்வும் உண்டு. 2003இல் பென்டா, மெக்கிபன், கிராண்ட் மூவரும் பெருமூளை வாதம் உள்ள 15 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு 8 நிமிடம் நடக்கும் குதிரை மேல், மற்றது 8 நிமிடம் அசையாத பீப்பாய் மேல். குதிரைப் பிரிவில் இருபக்கத் தசைகளின் சமநிலை கூடியது. நடக்கும் குதிரை, நாம் நடக்கும்போது அசைவதுபோலவே இடுப்பை அசைக்கும். சின்ன ஆய்வுதான்; ஆனால் பீப்பாயை யோசித்த மூளைக்கு ஒரு சபாஷ்.

சரி, நம்ம ஊர் நாய்? 2005இல் தபால்தலையில் வந்த பெருமை உண்டு. ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம், தோள் உயரமே இரண்டடிக்கு மேல். பாசத்தில் ஒரு தாவு தாவினால் அம்மா கீழே.

பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். "கையை நீட்டிச் செய்யிற எந்த வேலை அம்மாவுக்குப் பிடிக்கும்?" என்று திருப்பிக் கேட்டார்.

இப்போது சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு, மதிலுக்கு மேலாக, வலது கையால் அகத்திக்கீரை நீட்டுகிறார் அம்மா. எண்ணினேன், இருபது தடவை. கிளினிக்கில் கொடுத்த ரப்பர் பந்தை ஐந்து தடவைக்கு மேல் அமுக்கியதில்லை. ஒரே ஆள், ஒரே ஆடு. இது ஆய்வல்ல என்று எனக்கும் தெரியும்.

மச்சானுக்குப் பதில் போட்டேன்: "குட்டி வேண்டாம். வரும்போது ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிட்டு வாங்க."