ஒரு பாறையும் இரு பெயர்களும்: இராவணன் வெட்டுப் பற்றிய கதைகள் – ஒரு நோக்கு

திருகோணமலையிற் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து சுவாமிமலையில் ஏறுவோர், கோணேசர் கோயிலை அண்மித்ததும் கடலை நோக்கிச் செங்குத்தாய் இறங்கும் பாறைப் பிளவொன்றைக் காண்பர். கடல்மட்டத்திலிருந்து 300 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அப்பாறையைத் தமிழர் 'இராவணன் வெட்டு' என்பர். ஆங்கிலேயர் வழங்கிய பெயரோ 'லவர்ஸ் லீப்', அதாவது காதலர் பாய்ந்த இடம் என்பதாகும். ஒரே பாறைக்கு வழங்கும் இவ்விரு பெயர்களின் பின்னும் இரு கதைகள் உள்ளன. அவற்றை வெறும் கட்டுக்கதைகள் எனத் தள்ளிவிடுவது எளிது; அவற்றுள் ஒன்றை வரலாறென நம்பிவிடுவது அதனினும் எளிது. இவ்விரண்டும் திறனாய்வாகா. ஒரு கதை எதனைச் சொல்கிறது என்பதுடன், எதனைச் சொல்லாது மறைக்கிறது என்பதையும் வினவுவதே திறனாய்வின் பணியாகும்.

முதலில் ஆங்கிலப் பெயரை நோக்குவோம். ஒல்லாந்துக் குலமகள் ஒருத்தி தன் காதலனாற் கைவிடப்பட்டாள் என்றும், அவன் ஏறிச் சென்ற கப்பல் மலையைச் சுற்றிச் செல்வதைக் கண்டு உச்சியிலிருந்து கடலிற் பாய்ந்து மாண்டாள் என்றும் அக்கதை கூறும். 1859இல் வெளிவந்த எமர்சன் தெனந்தின் இலங்கை பற்றிய நூல் போன்றவை இக்கதையை ஆங்கில வாசகரிடையே பரப்பின. இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது மலைமீது நிற்கும் கற்றூண் ஒன்றாகும். பிரான்சினா வான் றீட என்ற பெண்ணின் பெயரும், 1687ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆந் திகதியும் அதில் ஒல்லாந்து மொழியிற் பொறிக்கப்பட்டுள்ளன.

பிரான்சினா கற்பனைப் பாத்திரம் அல்லள். கேரளத்துத் தாவரங்களைப் பற்றிப் 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தவரும், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆணையாளராக விளங்கியவருமான ஹென்றிக் வான் றீடவின் மகளாக வளர்ந்தவள் அவள். தூண் நடப்பட்ட ஆண்டில் அவள் இறக்கவுமில்லை. பின்னர் மணம் புரிந்து வாழ்ந்தாள் என்பது ஒல்லாந்து ஆவணங்களால் அறியப்படும். அவ்வாறாயின் பாய்ச்சல் எங்கிருந்து வந்தது? தூணின் வாசகம் 'நினைவாக' என்ற பொருள்தரும் சொல்லுடன் தொடங்குகிறது. ஒருவர் ஓரிடத்துக்கு வந்து சென்றமைக்கும் நினைவுக்கல் உண்டு, இறந்தமைக்கும் உண்டு. மொழியறியாத பிற்காலத்தார் முதலாவதை இரண்டாவதாகக் கொண்டனர் எனக் கருத இடமுண்டு. ஒரு பெண்ணின் பெயர், ஒரு செங்குத்துப் பாறை, 'நினைவு' என்ற ஒரு சொல்: கதை பிறப்பதற்கு இவை போதுமானவை.

அக்கதையும் புதிதன்று. லூக்காஸ் தீவின் பாறையிலிருந்து கிரேக்கப் புலவர் சாப்போ பாய்ந்தார் என்ற பழங்கதை முதல் யமெய்க்காத் தீவு வரை, காதலர் பாய்ந்த பாறைகள் பல உள. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இத்தகைய பாறைகள் மலிந்திருப்பதை மார்க் ருவெய்ன் எள்ளி நகையாடியுள்ளார். ஆதலின் திருகோணமலைக் கதையில் திருகோணமலைக்கு உரியது மிகச் சிறிதே. ஆங்கிலேயர் சென்ற நாடெங்கும் கொண்டுசென்ற ஓர் அச்சு, இங்கும் ஒரு பாறைமீது பதிக்கப்பட்டது. பெயர் மெய், திகதி மெய், கதை மட்டுமே பொய். மெய்ச்சான்றின் துணையுடன் நிற்கும் பொய், சான்றேயில்லாத பொய்யினும் நெடிது வாழும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இனி இராவணன் வெட்டு. நோயுற்ற தாய் வழிபடும் பொருட்டுக் கோணேசர் எழுந்தருளிய மலையைப் பெயர்த்துச் செல்ல இராவணன் முயன்றான் என்பதும், இறைவன் தடுக்க அவன் வாள் நழுவி விழுந்து பாறை பிளந்தது என்பதும் இம்மரபின் கதை. தாய் இறந்த செய்தியைக் கேட்டு அவன் கன்னியாவில் ஈமக்கிரியை செய்தான் என்றும், அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள் அதன்பொருட்டுத் தோன்றின என்றும் கதை தொடரும்.

வரலாறு என்ற அளவில் இதனைக் கொள்வதற்கில்லை. கடினமான பழம்பாறைகளில் இயல்பாகவே அமையும் வெடிப்புகளைக் காற்றும் மழையும் கடலலையும் அகலச் செய்தமையே பிளவுக்குக் காரணமாகும். எனினும் கதையின் ஆக்கத்தை நோக்குமிடத்து அதன் தனித்தன்மை புலப்படும். இராவணன் கயிலையைப் பெயர்க்க முயன்று இறைவன் திருவிரலால் நெரிபட்ட கதை தமிழ்ச் சைவ மரபில் ஊறியது. கோணமாமலையைப் பாடிய திருஞானசம்பந்தர், தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் அதனைக் குறிப்பிடுவதை மரபாகவே கொண்டிருந்தார். கோணமலை தட்சிண கைலாயம் எனப் பெயர் பெற்றபோது, வடகயிலையின் கதையும் தெற்கே இறங்கி வந்தது எனலாம். ஆனால் அது அப்படியே வரவில்லை. வடக்கே அவன் மலையைத் தூக்கியது செருக்கினால், இங்கே தாயன்பினால். அங்கே தண்டனையின் பின் அருள் கிட்டிற்று. இங்கே முயற்சி தோற்றுத் தாயும் இறக்கிறாள். அரக்கனின் அகந்தைக் கதையை ஒரு மகனின் துயரக் கதையாக மாற்றிய மக்களின் கற்பனை எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று.

அது மட்டுமன்று, இக்கதை வாழ்க்கையுடன் ஒட்டி நிற்கிறது. கன்னியாவில் இறந்தோருக்கான கடன்களைச் செய்வது இப்பகுதிச் சைவரின் வழக்கம். பிளவின் விளிம்பிலுள்ள மரத்திற் பிள்ளைப்பேறு வேண்டுவோர் சிறு தொட்டில்களைக் கட்டுவர். இழப்பும் வேண்டுதலும் கொண்டு வருவோர்க்கு, தாயை இழந்த மகனின் கதை பொருளுடையதாகிறது. லவர்ஸ் லீப் கதைக்கு இத்தகைய வழக்கம் எதுவும் இல்லை. அது பார்த்துவிட்டுப் போவோரின் கதை. மற்றையது திரும்பத் திரும்ப வருவோரின் கதை.

ஆயினும் இவ்வொப்பீட்டை 'எமது கதை உயர்ந்தது, பிறர் கதை தாழ்ந்தது' என்ற முடிவுக்கு இட்டுச்செல்வது தவறாகும். இராவணனை வரலாற்று மன்னனாக்கி அவன் வாளை நில உரிமைக்குச் சான்றாக்குவோர், பிரான்சினாவின் பாய்ச்சலை நம்புவோரினும் கூரிய நோக்குடையோர் அல்லர். தொல்லிடங்கள் மீதான உரிமைப் பூசல்கள் மலிந்த இந்நாட்டில் இவ்வெச்சரிக்கை மிக இன்றியமையாதது. ஐதீகம் மக்கள் மனத்தின் சான்று. கல்லின் சான்று அன்று.

கல்லின் சான்று வேறொன்றைச் சொல்கிறது. இரு கதைகளும் சொல்லாத மூன்றாவது செய்தி அது. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கியபோது பழங்கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். புதுப்பிக்கப்பட்ட கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது. பிரான்சினாவின் பெயரைத் தாங்கி நிற்கும் தூணும் இடிக்கப்பட்ட கோயிலுக்குரியதென்றே கருதப்படுகிறது. அவ்வாறாயின் நடக்காத தற்கொலையொன்றை நினைவூட்டும் கல், நடந்த அழிவொன்றின் எச்சமாகும். இப்பாறையிலிருந்து கடலில் வீழ்ந்தவை உண்டு. ஆனால் அவை காதலர் அல்லர், கோயிற்கற்கள்.

ஆங்கிலப் பெயரின்மீது சுமத்தத்தக்க குறை இதுவே. அது பொய் சொன்னது என்பது சிறு குறை. பொய்யான ஒரு துயரத்தைக் காட்டி மெய்யான துயரத்தின்மீது திரையிட்டது என்பதே பெருங்குறை. இராவணன் வெட்டுக் கதையும் இடிப்பைப் பற்றி வாய்திறப்பதில்லை. எனினும் இவ்விடம் வழிபாட்டுக்கு உரியது என்ற நினைவை, கோயில் இல்லாதிருந்த நூற்றாண்டுகளிலும் அது காத்து வந்தது. கோயிற்கட்டடம் மறைந்த பின்னும் அம்மலையுச்சியிற் கடலை நோக்கி மக்கள் வழிபட்டனர் என்பதை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரே எழுதியுள்ளனர்.

ஊர்ப்பெயர்களையும் இடப்பெயர்களையும் ஆராயப்புகும் மாணவர்க்கு இப்பாறை தரும் பாடம் தெளிவானது. பெயரைக் கேட்டதும் கதையைத் தேடுதல் வேண்டும். கதை கிடைத்ததும், அதனைச் சொன்னவர் யார், எப்போது, எவருக்காகச் சொன்னார் என வினவுதல் வேண்டும். அதன்பின் மீண்டும் கல்லை நோக்குதல் வேண்டும். சுவாமிமலையில் நிற்கும் அத்தூண் கோயிற்றூண் என்றும் நினைவுத்தூண் என்றும் இரு பெயர்களைப் பெற்றுவிட்டது. அதன் முழுக்கதையையும் சொல்லும் மூன்றாவது பெயர் அதற்கு இன்னும் இடப்படவில்லை.