எத்தனை வரி கிடைத்தது? பல நிபந்தனைத் தேடல் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஒரு எக்ஸெல் ஷீட்டில் இரண்டு, மூன்று நிபந்தனைகள் பொருந்தும் வரியிலிருந்து ஒரு மதிப்பை எடுப்பது எப்படி? இதற்கு நான் பார்த்த பாடங்கள் எல்லாமே ஃபார்முலாவைத்தான் சொல்லித்தருகின்றன. இண்டெக்ஸ்–மேட்ச் இப்படி, எக்ஸ்லுக்அப் அப்படி, விடை வந்துவிட்டதா, பாடம் முடிந்தது. விடை வருவது பெரிய விஷயமே இல்லை என்பது என் கட்சி. நிபந்தனைகளுக்குப் பொருந்திய வரிகள் எத்தனை என்று அந்த ஃபார்முலா சொல்கிறதா, மறைக்கிறதா? அதை வைத்துத்தான் அதற்கு மார்க் போட வேண்டும்.

தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் முடிவுகளை எடுத்துக்கொள்வோம். திருப்பத்தூர் என்ற பெயரில் இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. எண் 50 வடக்கே, பழைய வேலூர் மாவட்டப் பகுதியில். எண் 185 சிவகங்கை மாவட்டத்தில். 2021 தேர்தலில் முதலாவதில் அ. நல்லதம்பி வென்றார், இரண்டாவதில் கே.ஆர். பெரியகருப்பன். ஷீட் தொகுதி எண் வரிசையில் இருந்தால், பெயரையும் ஆண்டையும் வைத்து வழக்கம்போலத் தேடினால் நல்லதம்பிதான் வருவார். எக்ஸ்லுக்அப் முதலில் கண்ட வரியோடு நின்றுவிடும். ஷீட்டைத் தலைகீழாக சார்ட் செய்து பாருங்கள், பெரியகருப்பன் வருவார். தரவு மாறவில்லை, கேள்வி மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது!

இதில் இன்னொரு வம்பும் உண்டு. இருவருமே திமுக. வென்ற கட்சி எது என்று மட்டும் தேடியிருந்தால் விடை சரியாகவே வந்திருக்கும், கோளாறு வெளியே தெரிந்தே இருக்காது.

சரி, மாவட்டத்தை மூன்றாவது நிபந்தனையாகச் சேர்த்தால்? 2021க்கு வேலை செய்யும். ஆனால் திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019இல்தான். 2016 வரிகளில் அதே தொகுதிக்கு நேரே வேலூர் என்று இருக்கும். அதைவிடத் தொகுதி எண் மேல். அதுவும் 2011 தேர்தலில் இருந்துதான். மறுவரையறைக்கு முந்தைய தேர்தல்களுக்கு இந்த எண்களைப் போட முடியாது.

எண்ணும் ஆண்டும் சேர்ந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. திருப்பரங்குன்றத்தில் 2016இல் இரண்டு தேர்தல் நடந்தது. மே மாதம் வென்ற எஸ்.எம். சீனிவேல் சில நாட்களிலேயே இறந்துவிட, நவம்பர் இடைத்தேர்தலில் ஏ.கே. போஸ் வென்றார். தொகுதி ஒன்று, ஆண்டு ஒன்று, கட்சியும் ஒன்று (அதிமுக), ஆனால் வரி இரண்டு. பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா என்ற நெடுவரிசை இல்லாமல் இதைப் பிரிக்கவே முடியாது. எத்தனை நிபந்தனை வேண்டும் என்பது ஃபார்முலா தெரிந்தவருக்குத் தெரியும் விஷயம் இல்லை, தேர்தல் தெரிந்தவருக்குத் தெரியும் விஷயம்.

இனி வழிமுறைகளைப் பார்க்கலாம்.

இரண்டு நெடுவரிசைகளை ஒட்டி ஒரு சாவி உருவாக்கி, அதை விலுக்அப்பில் தேடுவது பழைய வழி. எளிது, எல்லாப் பதிப்பிலும் ஓடும். ஆனால் நடுவில் ஒரு குறியும் போடாமல் ஒட்டினால் ஆபத்து. தொகுதி 5, வாக்குச்சாவடி 12 என்பதும் 512. தொகுதி 51, சாவடி 2 என்பதும் 512. இல்லாத இரட்டையரை நாமே பெற்றுவிடுகிறோம். 5-12, 51-2 என்று ஒட்டினால் தீர்ந்தது. இந்த ஒரு கோட்டைச் சொல்லாமல் விடும் பாடத்தை நான் நல்ல பாடம் என்று சொல்லமாட்டேன்.

நிபந்தனைகளைப் பெருக்கி, 1 வரும் இடத்தைத் தேடும் இண்டெக்ஸ்–மேட்ச், எக்ஸ்லுக்அப் வழிகளில் இந்த ஒட்டுத் தொல்லை இல்லை. பொருந்தும் வரியே இல்லையென்றால் பிழை காட்டும், அது நேர்மை. இரண்டு இருந்தால் மட்டும் வாய் திறக்காது.

சம்இஃப்ஸ் பலருக்கும் பிடித்த குறுக்குவழி, எண்ணுக்கு மட்டும். திருப்பரங்குன்றம், 2016, அதிமுக என்று வாக்குகளைக் கேட்டால் மே வாக்கையும் நவம்பர் வாக்கையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும். வரி இல்லையென்றால் 0 தரும். போட்டியிடாத கட்சிக்கும் 0, பெயரைத் தப்பாக அடித்தாலும் 0. தேடலுக்கு இதைப் பயன்படுத்தச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவே இல்லை. அது கூட்டுவதற்குப் பிறந்த ஃபார்முலா.

புதிய பதிப்புகளில் வரும் ஃபில்டர் பொருந்திய எல்லா வரிகளையும் கொட்டிவிடும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் இரண்டு திருப்பத்தூரும் கண்முன்னே வந்து நிற்கும். என் மார்க் இதற்குத்தான்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. தேடுவதற்கு முன் அதே நிபந்தனைகளைக் கவுண்ட்இஃப்ஸில் போட்டுப் பக்கத்து நெடுவரிசையில் எண்ணுங்கள். 1 என்றால் தேடலாம். 0 என்றால் எழுத்துப்பிழையோ, விடுபட்ட வரியோ. 2, 3 என்றால் ஃபார்முலாவை மாற்றிப் பயனில்லை, நிபந்தனை குறைகிறது என்று அர்த்தம்.

தரவுத்தள உலகில் இது புதுச் சங்கதி இல்லை. ஒரு வரியைத் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி என்ற கருத்தை எட்கர் காட் 1970இலேயே தன் கட்டுரையில் எழுதிவிட்டார். அங்கே சாவியை முதலில் அறிவிக்க வேண்டும், அதே சாவியோடு இரண்டாவது வரி வந்தால் உள்ளேயே விடாது. எக்ஸெல் யாரையும் தடுக்காது, அதுதான் அதன் சுதந்திரம். அந்தக் காவல் வேலையை நாம் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் பல நிபந்தனைத் தேடலைச் சொல்லித்தருபவர்கள் கவுண்ட்இஃப்ஸை முதல் பாடமாக வைத்துவிட்டு, எக்ஸ்லுக்அப்பை இரண்டாவதாகச் சொல்லித்தரலாம்.