தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்

ஏற்காடு காப்பி மலை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த செடி அது. ஆனாலும் மழை பிடித்துக்கொண்ட மாலையில் அங்கே உட்கார்ந்து துப்பறியும் சங்கர்லால் கதை ஒன்றைப் பிரித்தால் நாக்கு டீயைத்தான் கேட்கும். மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டு, டீ குடித்தபடியே கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற மனிதர் அல்லவா!

அவரைப் படைத்த தமிழ்வாணன் (1926–1977) தேவகோட்டைக்காரர். ‘கல்கண்டு’ வார இதழின் ஆசிரியர். பத்திரிகைக்காரர் என்பது அவர் கதையின் நடையிலேயே தெரியும். குட்டி வாக்கியம், குட்டிப் பத்தி, அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு திடுக். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் தடுக்காது. அதே சமயம், மர்மக் கதையை நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. சந்தைக்கு எழுதியவரிடம் இந்தப் பிடிவாதம் அபூர்வம். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

கதைப் பின்னலில் ஓட்டைகள் உண்டு. குற்றவாளியைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம். இருந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தமிழ்வாணனுடைய அடையாளம். அந்த இரண்டையும் உறைமேல் வரைந்து ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் போதும், தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்பார்கள்.

அடுத்த முறை ஏற்காட்டின் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறும்போது பையில் ஒரு சங்கர்லால் இருக்கட்டும். மணிமேகலைப் பிரசுரத்தில் கிடைக்கும்.