ஸ்பாட்ஹீரோ: சுற்றுவது தெருவில், விற்பது கட்டடத்தில்

பார்க்கிங் ஆப்களைப் பற்றி வரும் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: நகரப் போக்குவரத்தில் 30 சதவீதம், வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிற கார்கள்தானாம். அடுத்த வரியிலேயே 'இதோ தீர்வு' என்று ஆப் வந்து நிற்கும். இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

முதலில் அந்த 30. தோண்டிக்கொண்டே போனால் டொனால்ட் ஷூப்பிடம் போய் நிற்கும். லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2005ல் 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' எழுதியவர். 1927 டெட்ராய்ட் தொடங்கி 2001 வரை வெவ்வேறு ஊர்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அவர் எடுத்த சராசரி அது. ஆய்வாளர்கள் கார்கள் சுற்றும் என்று எதிர்பார்த்த தெருக்களாகப் பார்த்துத்தான் போய் எண்ணினார்கள். காய்ச்சல்காரர்களை மட்டும் வரிசையில் நிற்க வைத்துவிட்டு ஊருக்கே 102 டிகிரி என்று சொல்வது போலத்தான். இதை ஷூப்பே எச்சரித்திருக்கிறார். யார் கேட்டாங்க?

அதைவிட முக்கியம், ஏன் சுற்றுகிறார்கள் என்பது. தெருவோர மீட்டர் மலிவு, பக்கத்துப் பார்க்கிங் கட்டடம் விலை அதிகம். அங்கே மேல்தளங்கள் காலியாகக் கிடந்தாலும் நாலு டாலர் மிச்சம் பிடிக்க இன்னொரு ரவுண்டு போகத் தோன்றும். இது ஷூப்பின் வாதம். எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

2011ல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பாட்ஹீரோ விற்பது பெரும்பாலும் அந்தக் காலி மேல்தளங்களைத்தான். வியாபாரமாக இது கெட்டிக்காரத்தனம். இன்று மாலை 7 மணிக்குக் காலியாக இருக்கும் இடத்தை நாளைக்கு விற்க முடியாது, ஓட்டல் அறை மாதிரி. எனவே உரிமையாளர் தள்ளுபடிக்குச் சம்மதிக்கிறார், நடுவில் நிறுவனத்துக்குக் கமிஷன். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு கேட் மெஷின். எல்லாவற்றோடும் பேச வைப்பது சாதாரண வேலையில்லை, அதற்கு ஒரு சலாம். 2017ல் போட்டியாளர் பார்க்கிங் பாண்டாவை வாங்கினார்கள், 2019ல் 5 கோடி டாலர் முதலீடு வந்தது. ஆனால் இதெல்லாம் காலி இடத்தை விற்ற கதை. நெரிசலைத் தீர்த்த கதை என்று ஏன் எழுத வேண்டும்?

சிகாகோ என்பதால் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2008 டிசம்பரில் அந்த நகரம் தன் 36,000 மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு மார்கன் ஸ்டான்லி தலைமையிலான குழுவுக்குக் குத்தகைக்கு விட்டது, சுமார் 115 கோடி டாலருக்கு. ஏறக்குறைய 97 கோடி குறைவாக விற்றுவிட்டார்கள் என்று அடுத்த ஆண்டே நகரத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அறிக்கை கொடுத்தார். நகர மையமான லூப் பகுதியில் மணிக்கு 3 டாலராக இருந்த மீட்டர் 2013க்குள் 6.50 ஆனது. ஸ்பாட்ஹீரோ பிறந்தது இதற்கு நடுவில். தெரு விலை இரட்டிப்பானால் தள்ளுபடியில் கிடைக்கும் கட்டடம் தானாகவே நல்ல பேரமாகத் தெரியும். வளர்ச்சியில் எவ்வளவு பங்கு ஆப்புக்கு, எவ்வளவு மீட்டருக்கு என்று பிரித்துப் பார்க்காமல் எழுதுவதுதான் என் குறை.

சான் ஃபிரான்சிஸ்கோ 2011ல் எஸ்எஃப்பார்க் திட்டத்தில் மீட்டர் விலையையே தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் மாற்றிப் பார்த்தது. சோதனைப் பகுதிகளில் இடம் தேடும் நேரம் 43 சதவீதம் குறைந்ததாக அவர்களின் 2014 அறிக்கை சொல்கிறது. சிகாகோ அப்படி இஷ்டத்துக்கு விலையைக் குறைத்துப் பார்க்க முடியாது. சைக்கிள் பாதைக்காக நாலு மீட்டரை எடுத்தால்கூட, வருமான இழப்புக்குக் குத்தகைதாரருக்கு ஈடுகட்ட வேண்டும்.