தானத்து மாட்டின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் கணினி வன்பொருள் ரிவ்யூ எழுதுபவரின் வேலையே அதுதான். நிறுவனம் இலவசமாக அனுப்பும் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் சோதித்து, குறை இருந்தால் ஊரறியச் சொல்ல வேண்டும்.

சொல்லியும் இருக்கிறார்கள். 2000 ஜூலை இறுதியில், ஏஎம்டியுடன் வேகப் போட்டி உச்சத்தில் இருந்தபோது, இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 பிராசசரை வெளியிட்டது. டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தை நிறுவிய தாமஸ் பாப்ஸ்ட், படிப்பால் மருத்துவர். தன் கைக்கு வந்த சிப் நிலையாக ஓடவில்லை என்று அவர் எழுதினார். லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்யச் சொன்னால் அது தடுமாறியது. வேறு சில விமர்சகர்களும் சோதித்து அதையே சொன்னார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் இன்டெல் அந்தப் பிராசசரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இலவசமாகப் பொருள் வாங்குபவர்கள் எல்லாம் விலைபோனவர்கள் என்று பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மிரட்டல் இல்லாமலும் இல்லை. 2020 டிசம்பரில், ரே டிரேசிங் என்னும் ஒளிக்காட்சி வசதிக்குப் போதிய முக்கியத்துவம் தரவில்லை என்று சொல்லி, ஆஸ்திரேலியாவின் ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு விமர்சனக் குழுவுக்குத் தன் கார்டுகளை அனுப்புவதை நிறுத்துவதாக என்விடியா அவர்களிடம் தெரிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. இத்தகைய சண்டை வெளியே தெரிந்துவிடுகிறது. அதனால் ஆபத்தும் குறைவு.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது காலம். வெளியீட்டு நாளன்று எல்லா ரிவ்யூக்களும் ஒரே மணிநேரத்தில் வருகின்றன. அதற்கு முன் விமர்சகரிடம் பொருள் இருப்பது பெரும்பாலும் சில நாட்கள்தான். அந்த நாட்களில் வேகத்தை அளக்கலாம். ஆயுளை அளக்க முடியாது. 2022 அக்டோபரில் வந்த இன்டெல் 13ஆம் தலைமுறை பிராசசர்கள் பாராட்டு வாங்கின. அவற்றில் உயர்ரகச் சிப்கள் அதிக மின்னழுத்தத்தால் நாளடைவில் கெட்டுப்போவதை 2024இல்தான் இன்டெல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. பழைய ரிவ்யூக்களின் எண்கள் பொய்யில்லை. வாங்கியவருக்கு மட்டும் அவை உதவவில்லை.

இதைவிட மோசமானது நிறுவனங்களின் ஒரு தந்திரம். குரூஷியல் பி2 எஸ்எஸ்டி 2020இல் டிஎல்சி நினைவகத்துடன் ரிவ்யூவுக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே பெயரில் கடைக்கு வந்தவற்றில் அதைவிட மெதுவான கியூஎல்சி நினைவகம் இருந்ததை டாம்ஸ் ஹார்டுவேர் கண்டுபிடித்தது. அதற்கு அவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் வாசகருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அறை வெப்பம் 10 டிகிரி கூடினால், சிப்பின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். குளிர்ந்த அறையில் 75 டிகிரி காட்டிய கார்டு, மே மாத வேலூரில் மாடி அறையில் எவ்வளவு காட்டும் என்று எந்த வெளிநாட்டு ரிவ்யூவும் சொல்லாது. மின்சாரம் ஏறி இறங்கும் கதை வேறு.

ஆகவே தமிழில் இத்துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியீட்டு நாளின் ஓட்டப்பந்தயத்தை விட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய பொருளை, ஏசி இல்லாத அறையில், ஓராண்டு ஓடிய பிறகு மறுபடி அளந்து எழுதுங்கள்.