நிழலைத் தேடாதீர்கள்: பீதரின் கவான் மதரஸாவைப் பார்ப்பது எப்படி?

முதல் தடவை பீதருக்குப் போனபோது, மஹ்மூத் கவான் மதரஸாவின் முன்னால் ஒரு பிற்பகலில் இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். பாதி இடிந்த கட்டடம், ஒற்றை மினார், வெறிச்சென்ற சுவர். இதற்காகவா ஹைதராபாத்திலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர் பயணம் என்று தோன்றியது. தாராசுரத்திலும் காஞ்சிபுரத்திலும் பழகிய கண் என்னுடையது. கல்லைப் பார்த்ததும் அதில் ஒரு யாளியை, ஒரு கொடிப் பெண்ணை, குறைந்தபட்சம் ஒரு தாமரை இதழையாவது தேடும். செதுக்கிய பள்ளத்தில் தங்கும் நிழலில்தான் நம் சிற்பிகளின் கல் உயிர்பெறுகிறது. அந்தச் சுவரில் பள்ளமே இல்லை. நிழல் எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஊரை விட்டுக் கிளம்புமுன், சும்மா ஒருமுறை எட்டிப் பார்த்தேன். மதரஸாவின் முகப்பு கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. முந்தின நாள் என் கண்ணில் அழுக்குத் திட்டாகப் பட்டதெல்லாம் நீலமாகவும் பச்சையாகவும் வெள்ளையாகவும் எழுந்து நின்றது. இந்தச் சுவரை நிறத்துக்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸை விட்டுவிட்டு மதியம் வரை அங்கேயே இருந்தேன். அன்று கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பெயர். நம் ஊரில் மதரஸா என்றால் பள்ளிவாசலை ஒட்டிய இடத்தில் சிறு பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகும் காட்சிதான் மனதில் வரும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற உயர்கல்வி நிலையத்தை ‘அரபிக் கல்லூரி’ என்று வேறாகச் சொல்கிறோம். பீதரின் மதரஸா இந்த இரண்டாவது வகை. மாணவர்களும் ஆசிரியர்களும் அங்கேயே தங்கி, தொழுது, படித்து வாழ்ந்த கல்லூரி. மார்க்கக் கல்வியோடு தர்க்கமும் கணிதமும் வானியலும் மதரஸாக்களில் இடம்பெற்றிருந்த காலம் அது. நூலகத்தில் 3,000 ஏட்டுப் பிரதிகள் இருந்ததாகச் சொல்வார்கள்.

கட்டியவர் மஹ்மூத் கவான். காஸ்பியன் கடலோரத்து கீலான் பகுதியில் பிறந்தவர். நாற்பது வயதைத் தாண்டி, 1453 வாக்கில் வணிகராகத் தக்காணத்துக்கு வந்தார். பீதரிலிருந்து ஆண்ட பாமினி சுல்தான்களின் அரசவையில் படிப்படியாக உயர்ந்து முதலமைச்சர் ஆனார். ‘மலிக்-உத்-துஜ்ஜார்’, அதாவது வணிகர்களின் தலைவர் என்பது அவர் பெற்ற பட்டங்களுள் ஒன்று. விஜயநகரத்திடமிருந்து கோவாவைப் பிடித்ததும் 1472-இல்தான், மதரஸாவைக் கட்டி முடித்ததும் அதே ஆண்டில்தான். போர் நடத்தத் தெரிந்த அந்த மனிதர், பாரசீகத்தில் கடிதம் எழுதுவதில் பெயர்பெற்றவரும்கூட. அவர் கடிதங்களின் தொகுப்பான ‘ரியாஸ்-உல்-இன்ஷா’ இன்றும் இருக்கிறது. ஹெராத்தில் வாழ்ந்த பெரும் கவிஞர் ஜாமியோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பீதருக்கு வாருங்கள் என்று அழைத்தும் பார்த்தார். ஜாமி வரவில்லை.

கவிஞர் வராவிட்டால் என்ன, அவருடைய ஊரையே இங்கே எழுப்பிவிடலாம் என்று கவான் நினைத்திருப்பாரோ என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் இந்தக் கட்டடத்தில் தக்காணத்துச் சாயல் அநேகமாக இல்லை. சாமர்கண்டில் திமூரிய இளவரசர் உலுக் பேக் 1420-இல் முடித்த மதரஸாவும், குராசானில் கர்கிர்த் என்னும் ஊரில் 1440-களில் எழுந்த மதரஸாவும்தான் இதன் உடன்பிறப்புகள். பீதரின் செம்புராங்கல் மண்ணில் அந்நிய நாட்டு விதை ஒன்று அப்படியே முளைத்தது போல் நிற்கிறது. அதனால்தான் நம் கண் முதலில் தடுமாறுகிறது. குறை கண்ணுடையதல்ல, பழக்கத்துடையது.

இப்போது முகப்புக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்கள் வலக்கை பக்கம், வடகிழக்கு மூலையில் மூன்றடுக்கு மினார் நிற்கிறது. அதை ஒட்டி முகப்பின் ஒரு துண்டு, மூன்று மாடி உயரத்துக்கு, அடுக்கடுக்கான வளைவுகளோடு. நடுவில் பெருவாயில் இருந்த இடம் வெறும் இடைவெளி. இடக்கை பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தை முதலில் மனதால் நிரப்பிக்கொள்ள வேண்டும். வலப்பக்கத்து மினாரைப் பெயர்த்து இடப்பக்க மூலையில் நட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஓங்கிய வாயில் வளைவு ஒன்று. கட்டடம் முழுவதும் 205 அடிக்கு 180 அடி. இரு பக்கமும் சமமாக அமைந்த கட்டடம் என்பதால் மிஞ்சிய பாதியே போன பாதிக்குச் சாட்சி. இப்படி நிரப்பிப் பார்க்க ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்து மினாருக்குக் கிட்டே போங்கள். இங்கே நிறைய நேரம் செலவிடுங்கள் என்பேன். உடம்பைச் சுற்றிக் கோடுகள் ரம்பப் பல் போல ஏறி இறங்கி ஓடுகின்றன. கோடு என்றால் பூச்சு அல்ல. சுட்டு மெருகேற்றிய வண்ண ஓடுகள். திமூரியர் காலத்துக் கைவினைஞர்களின் உயர்ந்த முறை என்ன தெரியுமா? ஒவ்வொரு நிறத்து ஓட்டையும் தனித்தனியே சுடுவார்கள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு சூட்டில்தான் சரியாகத் தெளியும் என்பதால், எல்லா நிறத்தையும் ஒரே ஓட்டில் தீட்டிச் சுட்டால் ஏதாவது ஒன்று மங்கிவிடும். தனியாகச் சுட்ட ஓடுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, இழைத்து, ஒன்றோடொன்று பொருத்திக் கோலமாக்குவார்கள். ஆழ்ந்த நீலத்துக்குக் கோபால்ட், பசுநீலத்துக்குச் செம்பு. பீதரில் மஞ்சளும் வெள்ளையும் பச்சையும் சேர்ந்திருக்கின்றன. ஓடு உதிர்ந்த இடங்களையும் விட்டுவிடாதீர்கள். அது பதிந்திருந்த சுண்ணாம்புப் படுகை அங்கங்கே தெரியும். மேலே மிஞ்சிய ஓட்டையும் கீழே வெறும் படுகையையும் மாறி மாறிப் பார்த்தால், முழுச் சுவரும் எப்படி இருந்திருக்கும் என்பது மெல்லப் பிடிபடும்.

முகப்பில் உயரத்தில் எழுத்துப் பட்டைகளின் மிச்சம் உண்டு. குர்ஆன் வசனங்கள், நீலத்தின் மேல் வெள்ளையாக. அரபு படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. செங்குத்தாக எழும் எழுத்துகளை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். வேலி போல வரிசையாக நிற்கும் அவற்றின் காலடியில் மற்ற எழுத்துகள் கொடி போல் படர்ந்திருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு தாளக்கட்டாகத் தெரிய வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள்.

நேரம் இருந்தால், மதரஸாவுக்கு முன்பே பீதர்க் கோட்டைக்குள் ரங்கீன் மஹாலைப் பார்த்துவிடுங்கள். அங்கே வண்ண ஓட்டு வேலை கைக்கெட்டும் உயரத்தில், நன்றாகப் பிழைத்திருக்கிறது. கருங்கல்லில் முத்துச்சிப்பி பதித்த பிற்கால வேலையும் உண்டு. அந்த நிறங்களைக் கண்ணில் வாங்கிக்கொண்டு வந்தால், மதரஸாவின் உதிர்ந்த சுவரில் அவற்றைப் பூசிப் பார்க்க முடியும்.

இடிந்த பக்கத்துக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா, இந்தக் கல்லூரி அப்போதுதான் கட்டி முடித்தது போல் புதுசாக இருப்பதாகக் குறித்திருக்கிறார். அதே நூற்றாண்டில் பீதர் முகலாயர் கைக்குப் போனது. படைக்கு இடம் தேவைப்பட்டது. கல்லூரியில் வெடிமருந்தைக் குவித்தார்கள். 1696-இல் அது வெடித்தது. மின்னல் தாக்கியதால் தீப்பற்றியது என்றும் சொல்வதுண்டு. தென்கிழக்கு மினார், வாயில், முகப்பில் பாதி, தெற்குச் சிறகில் ஒரு பகுதி எல்லாம் ஒரே நாளில் போயின. இருநூறு ஆண்டுகளாகப் புத்தகம் இருந்த வீட்டில் வெடிமருந்தை வைத்தவர்களை என்னால் எளிதாக மன்னிக்க முடியவில்லை.

ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு அந்த உடைப்பு ஒன்றைக் கற்றுத் தருகிறது. அறுத்த பலாப்பழம் போல, கட்டடத்தின் உள்ளமைப்பு அங்கே திறந்து கிடக்கிறது. சுவரின் பருமன் என்ன, ஒரு மாடியின் வளைவு மேல்மாடியின் பாரத்தை எப்படித் தாங்கி இறக்குகிறது, தளம் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்பதையெல்லாம் முழுசாக நிற்கும் கட்டடத்தில் பார்க்க முடியாது. உடைந்த ஓரத்தில் நின்று மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள்.

உள்ளே போனால் சுமார் நூறடிச் சதுர முற்றம். நான்கு பக்கமும் மூன்றடுக்காக வளைவுகள். அவற்றின் பின்னால் அறைகள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் மற்ற வளைவுகளை விட உயரமாக ஒரு பெரிய வளைவு. ஐவான் என்று பெயர். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் முழுக்கத் திறப்பு. ஈரானியக் கட்டடக்கலையின் ஆதி உறுப்பு இது. கிழக்கில் இருந்ததுதான் வாயில், போய்விட்டது. மற்ற மூன்றும் விரிவுரைக் கூடங்களுக்கு இட்டுச்செல்பவை.

முற்றத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். நான் சொல்வது வேறு. ஏதாவது ஒரு வளைவின் நிழலுக்குள் போய் உட்காருங்கள். இது கல்லூரி. இங்கே இருந்தவர்களின் கண்ணிலிருந்து பார்த்தால்தான் இதன் அளவு புரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து எதிர்ச் சிறகின் ஒவ்வொரு வளைவும் ஒரு சட்டம் போலத் தெரியும். அதற்குள் ஒரு மாணவன் நின்றிருந்தால் அவன் தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று கணக்கிடுங்கள். தெருவின் இரைச்சல் உள்ளே பாதியாகக் குறைந்திருக்கும். தக்காணத்து வெயிலில் அறைக்குள் மிதமான குளிர்ச்சி. படிக்க வந்தவனை மனதில் வைத்துக் கட்டிய இடம் இது என்பதை முதுகு சுவரில் சாய்ந்ததும் உணர்வீர்கள்.

வெளியே வந்து, கட்டடத்தை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. வடக்கு, மேற்கு, தெற்குச் சுவர்களின் நடுவில் அரை எண்கோண வடிவத்தில் ஒரு பகுதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், தலையில் குவிமாடம். அவைதான் விரிவுரைக் கூடங்களின் முதுகு. தட்டைச் சுவராக விட்டிருந்தால் ஒரு திசையிலிருந்துதான் வெளிச்சம் வந்திருக்கும். எண்கோணமாகத் துருத்தியதால் பல திசையிலிருந்தும் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. எழுத்தை உற்றுப் பார்க்கும் கண்களுக்காகச் செய்த ஏற்பாடு. அழகும் பயனும் ஒரே கோட்டில் அமைந்த இடம் இந்த முதுகுப் பக்கம் என்பது என் எண்ணம். முகப்பை விட இதையே நான் அதிகம் விரும்புகிறேன்.

ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. நம் ஊர்க் கடைப் பலகையிலும் ஆட்டோ கண்ணாடியிலும் 786 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்மில்லாஹ் என்று தொடங்கும் வாக்கியத்தின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் எண். மதரஸா முடிந்தபோது அந்தக் காலப் புலவர் ஒருவர், இறைவனிடம் ‘இதை எங்களிடமிருந்து ஏற்றுக்கொள்’ என்று வேண்டும் பொருளுடைய மூன்று அரபுச் சொற்களைத் தேர்ந்தெடுத்தார். கூட்டினால் 876. ஹிஜ்ரி 876, அதாவது 1471-72. வேண்டுதலும் கட்டிய ஆண்டும் அந்த மூன்று சொற்களுக்குள்ளேயே அடங்கிவிட்டன. 786-இன் இலக்கங்களே இடம் மாறி 876 ஆனது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது மறக்கவில்லை.

இந்தச் செல்வமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களும் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதே ஆண்டுகளில் பீதருக்கு வந்த ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின், பிரபுக்கள் செழிப்பில் திளைப்பதையும் நாட்டுப்புற மக்கள் வறுமையில் வாடுவதையும் எழுதி வைத்திருக்கிறார். நீல ஓட்டைப் பார்க்கும்போது அதையும் நினைவில் வைத்திருப்பது நியாயம்.

கவானின் முடிவு கொடியது. மாகாணங்களை நான்கிலிருந்து எட்டாகப் பிரித்துப் பிரபுக்களின் கையை அவர் கட்டியதால் பகை மூண்டது. முத்திரை காப்பவரை மயக்கி, வெற்றுத் தாளில் கவானின் முத்திரையை வாங்கி, ஒரிசா மன்னரைப் படையெடுத்து வருமாறு அவர் அழைப்பது போல் ஒரு கடிதத்தைப் புனைந்தார்கள். சுல்தான் மூன்றாம் முஹம்மது ஷா அப்போது தெற்கே படையெடுப்பில் இருந்தார். 1481 மார்ச்சில் நம் காஞ்சிபுரம் வரை வந்து சூறையாடிவிட்டுக் கிருஷ்ணைக் கரையோரத்துக் கொண்டபள்ளிக்குத் திரும்பியிருந்தார். அங்கேதான் கடிதம் கைக்கு வந்தது. விசாரிக்கவில்லை. ஏப்ரல் 5 அன்று முதியவரின் தலையை வெட்டினார்கள். பிறகு சொத்தைக் கணக்கெடுத்தபோது அமைச்சர் வீட்டில் சொல்லும்படி ஒன்றும் இல்லை என்கிறார் ஃபிரிஷ்தா. ஓராண்டில் சுல்தானும் இறந்தார். பிறகு பாமினி அரசு ஐந்தாக உடைந்தது.

பீதர் ஊருக்கு வெளியே, மேடைமேல் ஓர் எளிய கல்லறையில் கவான் அடக்கமாகியிருக்கிறார். மேலே குவிமாடம் இல்லை, வண்ண ஓடு இல்லை. மதரஸாவைப் பார்த்து முடித்தபின் அங்கேயும் ஒரு பத்து நிமிடம் போய் நின்றுவிட்டு வாருங்கள்.